லாகில் இல்லாத வரி

அந்த அலுவலகத்தில் அவளுக்குச் சாட்சி என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, கூட வேலை பார்த்தவர்கள் வயிற்றெரிச்சலில் வைத்தது. முதுகுக்குப் பின்னால் மட்டும் சொன்னார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். "சாட்சி வருது, வாயை மூடு" என்று அவள் காதில் விழும்படியே சொல்வார்கள். அவள் கோபப்பட்டிருந்தால் அவர்களும் அலுத்துப்போய் விட்டிருப்பார்கள். அவளோ ஏதோ பட்டம் கொடுத்த மாதிரி நிமிர்ந்து வாங்கிக்கொண்டாள். அதில் அவர்களுக்கு இன்னும் எரிந்தது.

மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்து தரும் நிறுவனம் அது. பல் மருத்துவர் ஒருவரின் கிளினிக்குக்கு மேல்மாடி. ஜன்னலோர இடமெல்லாம் மேனேஜருக்கு வேண்டியவர்களுக்கு. ஏசி தண்ணீர் சொட்டும் மூலை இவளுக்கு. கீழே பல்லைக் குடையும் சத்தம் தரை வழியாக நாற்காலிக்கு ஏறி வரும். சொட்டுகிற தண்ணீருக்கு ஒரு வாளி வைத்திருந்தாள். அது நிறைந்து வழிந்தால், கடைசியாகக் கொட்டியது யார், இப்போது கொட்ட வேண்டியது யார் என்று எழுந்து நின்று விசாரணை நடத்துவாள். இப்படிப்பட்டவளை யார்தான் டீ குடிக்கக் கூப்பிடுவார்கள்?

அவள் பார்த்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். நர்ஸ் ஒரு பொத்தானை அழுத்துகிறாள், டாக்டர் ஒரு பக்கத்தைத் திறக்கிறார். ஒவ்வொரு தடவையும் மென்பொருள், எல்லா விவரமும் சேமித்திருக்கும் டேட்டாபேஸிடம் போய், இதைக் கொடு, இதை மாற்று, இதை அழி என்று கேட்கிறது. அப்படிப் போகிற ஒவ்வொரு அழைப்பையும், யார் கேட்டார், எப்போது கேட்டார், எதை எதுவாக மாற்றினார் என்று தனியாக எழுதி வைக்கும் புரோகிராம் அவளுடையது. அந்தப் பதிவை லாக் என்பார்கள். எந்த மூலையிலிருந்து டேட்டாபேஸுக்குப் போனாலும் அவள் வைத்த வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அதற்கு முன்னால் அந்த அலுவலகம் சொர்க்கமாக இருந்தது. ஏதாவது உடைந்தால் இவன் அவனைக் கைகாட்டுவான், அவன் லீவில் போனவனைக் கைகாட்டுவான். லாக் வந்த பிறகு அந்தப் பிழைப்பு போய்விட்டது. "நேத்து சாப்பாட்டுக்கு முன்னாடி இதை ஓட்டினது நீங்கதான். இந்தாங்க வரி" என்று வந்து நிற்பாள். உடைத்தவன் மென்று விழுங்குவான். மற்றவர்கள் திரையைப் பார்ப்பதுபோல நடிப்பார்கள். உங்கள் லாகினால் மென்பொருளே மெதுவாகிறது என்று யாராவது ஆரம்பித்தால் அவளிடம் ஒரே கேள்விதான்: "ஆதாரம் எங்க?"

இந்தக் கேள்வி அவளுக்குச் சும்மா வந்ததில்லை. அவளுடைய முதல் வேலையில் யாரோ ஒருத்தர் வாடிக்கையாளர் விவரம் முழுவதையும் ஒரே கட்டளையில் அழித்துவிட்டார். எல்லோரும் ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்திய இடம். அறையில் இருந்தவர்களில் புதியவள் இவள். அவ்வளவு போதாதா? "நான் இல்லைங்க" என்றாள். "நீ இல்லைன்னா யாரு?" என்றார்கள். யாரென்று காட்ட ஒரு வரிகூட எங்கும் இல்லை, வேலை போனது. அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவள், வீட்டுக்குப் போகாமல் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்தபோது, இனிமேல் எந்த அறையிலும் யார் செய்தார் என்று தெரியாமல் எதுவும் நடக்கக் கூடாது என்று முடிவு கட்டியிருந்தாள். தான் பட்ட அடியை மற்றவர் படக் கூடாது என்பது நல்ல எண்ணம்தான். அந்த நல்ல எண்ணத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து அனுபவித்தவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள்.

வீட்டிலும் அதே கதை. கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர், வாயில்லாப் பூச்சி. சர்க்கரை டப்பாவை மூடாமல் விட்டது யார் என்று அவள் கேட்டால், தான் தொடாவிட்டாலும் "நான்தான்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார். ஆனால் மேல்மாடியில் அவருடைய தங்கை இருந்தாள். சாட்சிக்கு நாத்தனார். பெரிய மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். கட்டிய புருஷனைப் பிரிந்து, அப்பா கட்டிய வீட்டின் மாடிக்கு இரண்டு பெட்டியோடு வந்து சேர்ந்தவள். இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். ஒரே படிக்கட்டு, ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரே மோட்டார் சுவிட்ச், அது போதாதா சண்டைக்கு?

ஒருநாள் தொட்டி நிறைந்து வழிந்து பக்கத்து வீட்டுச் சுவரெல்லாம் ஈரம். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கத்திவிட்டுப் போனார். சாப்பிட உட்கார்ந்தபோது சாட்சி ஆரம்பித்தாள்.

"நான் வேலைக்குக் கிளம்பறப்ப சுவிட்ச் அணைச்சிருந்துச்சு. உங்க அண்ணன் எனக்கு முன்னாடியே போயிட்டார். அதுக்கப்புறம் வீட்டுல இருந்தது நீ ஒருத்திதான்."

"நான் தூங்கிட்டிருந்தேன் அண்ணி. ஷிப்ட் முடிஞ்சு வந்து படுத்தவ."

"அப்ப சுவிட்ச் தானா போட்டுக்கிச்சா?"

நாத்தனார் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள். "இங்க குடித்தனம் நடக்குதா, கோர்ட்டு நடக்குதாண்ணே?" என்று அண்ணனைக் கேட்டாள். அண்ணன் ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவள் கீழே சாப்பிட வருவதில்லை. படிக்கட்டின் உச்சியில் ஒரு கதவு உண்டு. அதுவரை சும்மா சாத்தியிருந்த கதவுக்குத் தாழ்ப்பாள் போட ஆரம்பித்தாள்.

நாத்தனாரின் மருத்துவமனையும் சாட்சியின் நிறுவனத்து மென்பொருளைத்தான் வாங்கியிருந்தது. காகிதத்தையே ஒழித்துவிட்டோம் என்று வாசலில் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். அங்கே ஒரு பள்ளி வேன் டிரைவர் நோயாளியாக வந்து சேர்ந்தார். ஒரு குறிப்பிட்ட மருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளாது. அதை அவர் மனைவி வார்டில் இருந்த நர்ஸிடம், அதாவது நாத்தனாரிடம், சொன்னார். மறுநாள் டாக்டர் திரையைப் பார்த்தார். ஒவ்வாமை என்ற இடம் காலியாக இருந்தது. அதே மருந்தை ஊசியில் ஏற்றினார். டிரைவருக்கு முகம் வீங்கி, தொண்டை அடைத்து, மூச்சு நிற்கப்போய், இழுத்துப் பிடித்துக் காப்பாற்றினார்கள்.

அப்புறம் என்ன, யார் தலையை உருட்டலாம் என்று தேடினார்கள். "நான் அவங்க சொன்ன உடனே பதிஞ்சேன்" என்றாள் நாத்தனார். ஒவ்வாமையைத் தான் நர்ஸிடம் சொன்னது உண்மை என்று டிரைவரின் மனைவியும் சொன்னார். அதுவே அவளுக்கு வினையாகப் போனது. சொல்லியும் பதியவில்லை என்றால் கவனக்குறைவு அல்லவா? வேலை போவதோடு நிற்காது, நர்ஸ் உரிமத்தையே பறிக்கச் சொல்லி எழுதுவோம் என்றது மருத்துவமனை. அவளுக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான்.

மருத்துவமனை நிறுவனத்தைக் கேட்டது: உங்கள் லாக் என்ன சொல்கிறது?

மேனேஜர் சாட்சியின் மூலைக்கு அதற்கு முன் வந்ததே இல்லை. அன்றைக்கு வாளியைத் தாண்டி வந்து நின்றார். "நர்ஸ் உங்க சொந்தம்னு கேள்விப்பட்டேன். பரவாயில்ல, நீங்களே பாருங்க. சொந்தக்காரங்களே எழுதிக் கொடுத்தா அதுக்கு மதிப்பு ஜாஸ்தி."

சாட்சி தேடினாள். அந்த நோயாளி, அந்த நாள், அந்த நர்ஸ். நோயாளியின் பக்கத்தைத் திறந்த வரி இருந்தது. ஒவ்வாமையைப் பதிந்ததாக ஒரு வரியும் இல்லை. இன்னொரு முறை தேடினாள். இல்லை.

உண்மையைச் சொன்னால், அவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. டிரைவர் பிழைத்துவிட்டார் என்பதால் குற்ற உணர்ச்சியும் பெரிதாக இல்லை. தாழ்ப்பாள் போட்டாயே, இப்போது பார் என்று ஒரு திருப்தி. "பதிவு செய்ய எந்த முயற்சியும் நடக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். முயற்சியும் என்ற அந்தச் சொல்லை யாரும் அவளிடம் கேட்கவில்லை. அவளாகவே, விட்டேனா பார் என்று சேர்த்தது.

நாத்தனாரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அன்று மாலை மேலே கதவு திறந்து, படிக்கட்டில் தடதடவென்று கால்கள் இறங்கின.

"எழுதிக் கொடுத்தது நீங்கதானா?"

"லாக்ல என்ன இருக்கோ அதை எழுதினேன். எனக்கு ஆசையா?"

"ஆமா, ஆசைதான். உங்க மூஞ்சியிலயே தெரியுது."

"கத்தாத. பதிஞ்சேன்னா ஆதாரம் எங்க?"

"என் கையிதான் ஆதாரம்!" நாத்தனார் வலது கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். "மருந்து பேரை அடிச்சேன், சேமின்னு அழுத்தினேன். திரையில அந்தப் பாழாப்போன சக்கரம் சுத்திச்சு. என்னைக்கும் இல்லாத மாதிரி சுத்திக்கிட்டே இருந்துச்சு. அடுத்த பெட்ல ஒரு பாட்டி வாந்தி எடுக்கறாங்க, நான் இதையே பாத்துக்கிட்டு நிக்கறேன். அப்புறம் திரை காலியா வந்துச்சு. காலியா வந்தா சேமிச்சாச்சுன்னு அர்த்தம். அப்படித்தான உங்க ஆளுங்க வந்து சொல்லிக் கொடுத்தாங்க?"

கணவர் கதவருகே நின்று, "ரெண்டு பேரும் கொஞ்சம்..." என்றார். இரண்டு பேரும் ஒரே குரலில் "நீங்க சும்மா இருங்க" என்றார்கள். அந்த வீட்டில் அவர்கள் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

நாத்தனார் போய்விட்டாள். ஆனால் அந்தச் சக்கரம் சாட்சியின் மண்டைக்குள் சுற்ற ஆரம்பித்தது. பொய் சொல்கிறவள் 'பதிஞ்சேன்' என்பதோடு நிறுத்துவாள். சக்கரம் நீளமாகச் சுற்றியது என்று எதற்குச் சொல்ல வேண்டும்? சக்கரம் நீளமாகச் சுற்றுவது எப்போது என்று சாட்சிக்குத் தெரியும். ஒரு நோயாளியின் பக்கத்தை ஒருவர் திருத்திக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் திருத்த வந்தால், டேட்டாபேஸ் இரண்டாமவரைக் காக்க வைக்கும். ரொம்ப நேரம் ஆகிவிட்டால், முடியாது போ என்று திருப்பி அனுப்பிவிடும். அப்படித் திருப்பி அனுப்பியிருந்தால் அதுவும் லாகில் இருக்க வேண்டும். தோற்றுப்போன அழைப்பு என்று ஒரு வரி.

மறுநாள் காலை அலுவலகத்தில் அந்த நர்ஸை விட்டுவிட்டு, தோற்றுப்போன அழைப்புகளை மட்டும் தேடினாள். அந்த நாளில் ஒன்றும் இல்லை. அந்த மாதத்தில் இல்லை. லாக் ஆரம்பித்த நாளிலிருந்தே ஒன்றுகூட இல்லை.

தூக்கிவாரிப்போட்டது. இதே வெறுமையைக் காட்டித்தான் போன வருஷம் கூட்டத்தில், "பாருங்க, ஒரு அழைப்புகூடத் தோக்கல" என்று மார்தட்டியிருந்தாள். அத்தனை வார்டு, அத்தனை கவுன்டர், அறுந்து அறுந்து வரும் இணையம், இதில் ஒரு அழைப்புகூடத் தோற்கவில்லையாம். இதை வேறு ஒருவன் சொல்லியிருந்தால் காதில் பூ சுற்றாதே என்று அவனைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பாள்.

தன் புரோகிராமைத் திறந்தாள். பார்த்த உடனே தெரிந்தது. வேலையையும் லாக் வரியையும் ஒரே மூட்டையாகக் கட்டி டேட்டாபேஸிடம் கொடுக்கும்படி எழுதியிருந்தாள். மூட்டையை வாங்கினால் டேட்டாபேஸ் முழுதாக வாங்கும், தள்ளினால் முழுதாகத் தள்ளும். நடக்காத ஒன்று நடந்ததாக லாகில் ஏறிவிடக் கூடாது என்று, ரொம்ப யோசித்து, பெருமைப்பட்டு அப்படிக் கட்டியது. வேலை தோற்றால் அது தோற்றது என்று சொல்ல வேண்டிய வரியும் அதே மூட்டையில் குப்பைக்குப் போய்விடும் என்பது மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை. ஆக, அவளுடைய லாகில் தோல்வி என்பதே கிடையாது. முயன்று தோற்றவளும் முயலாதவளும் அதில் ஒன்று.

சோதனை சர்வரில் செய்து பார்த்தாள். ஒரு திரையில், பில் கவுன்டரில் இருப்பவர் செய்வது மாதிரி, நோயாளியின் பக்கத்தைத் திருத்த ஆரம்பித்துப் பாதியில் விட்டாள். இன்னொரு திரையில் ஒவ்வாமையை அடித்துச் சேமித்தாள். சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு திரை காலியாக வந்தது. தவறு நேர்ந்தால் சிவப்பில் ஒரு எச்சரிக்கை வர வேண்டும். வாடிக்கையாளர்கள் பயப்படுகிறார்கள் என்று மேனேஜர் எப்போதோ அதை எடுக்கச் சொல்லியிருந்தார். லாகைப் பார்த்தாள். ஒரு வரியும் இல்லை. கையை விரித்துத் தன் விரல்களையே பார்த்தாள். இந்தக் கையால் இப்போதுதான் அழுத்தினாள், லாக் இல்லை என்கிறது. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்த பெண் நினைவுக்கு வந்தாள்.

சர்வர் தனக்கென்று ஒரு கோப்பு எழுதும், அதில் அன்றைய தோல்வி இருந்திருக்கலாம். இடம் போதாமல் பழையதை அழித்து அதன் மேலேயே எழுதுகிற கோப்பு அது. அந்த நாள் அழிந்து போயிருந்தது.

மேனேஜரிடம் போனாள். அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"இதை வெளிய சொன்னா என்ன ஆகும் தெரியுமா? இந்த லாகை நம்பி எத்தனை ஆஸ்பத்திரி எத்தனை பேர் மேல முடிவு எடுத்திருக்கு? எல்லாம் தோண்டி எடுப்பாங்க."

"தோண்டட்டும் சார்."

"நாத்தனார்னதும் பாசம் பொங்குதாக்கும்."

"பாசமா? அவளுக்கும் எனக்கும் பேச்சு வார்த்தையே கிடையாது. நான் எழுதிக் கொடுத்தது தப்பு. அதை நான்தான் மாத்தணும்."

"புரோகிராமைச் சத்தமில்லாம திருத்திட்டு உக்காரு. வாயைத் திறந்தா நாளைக்கு இங்க உனக்கு நாற்காலி இருக்காது."

அவள் புரோகிராமைத் திருத்தினாள். இனி லாக் வரி தனி மூட்டை. வேலைக்கு முன்னால் ஒன்று, முடிந்ததும் வென்றதா தோற்றதா என்று இன்னொன்று. திருத்திவிட்டு, சத்தமில்லாமல் உட்காராமல், மருத்துவமனை விசாரணைக்குப் போனாள்.

நீள மேசை, சுவரில் நின்றுபோன கடிகாரம், எல்லோருக்கும் முன்னால் மூடி திறக்காத தண்ணீர் பாட்டில். ஓரத்தில் நாத்தனார், சீருடை இல்லாமல். சாட்சியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்னும் என்ன குழி தோண்ட வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பாள். சாட்சி சப்பைக்கட்டு எதுவும் கட்டாமல், எழுதியது தவறு, லாக் குருடு, அதைக் குருடாக்கியது நான் என்று சொன்னாள். காகிதம் இல்லாத மருத்துவமனையில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

விசாரணை நடத்திய மருத்துவ இயக்குநர் ஒரு முன்கோபி. "அப்ப நர்ஸ் பதிஞ்சாங்கன்னு சொல்றீங்களா?"

நாத்தனார் திரும்பிப் பார்த்தாள். ஒரு சொல். 'ஆமாம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

"அதைச் சொல்ல எங்கிட்ட ஆதாரம் இல்ல. பதியலைன்னு சொல்லவும் ஆதாரம் இல்ல" என்றாள் சாட்சி. அவளால் முடிந்தது அவ்வளவுதான். நாத்தனார் மறுபடி சுவரைப் பார்த்தாள்.

குற்றச்சாட்டு விழுந்தது. உரிமம் தப்பியது, வேலை திரும்பக் கிடைத்தது. உத்தரவில் மட்டும் 'போதிய ஆதாரம் இல்லாததால்' என்று எழுதியிருந்தார்கள். மேனேஜர் சொன்ன சொல் தவறவில்லை. சாட்சி அலுவலகத்துக்குப் போனபோது அவள் நாற்காலியில் வாளி உட்கார்ந்திருந்தது. "சாட்சியே பொய்சாட்சி ஆயிடுச்சு" என்று ஜன்னலோரத்தில் ஒருவன் சொல்ல, மொத்த அறையும் சிரித்தது. தன் செருப்பையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். கீழே பல் மருத்துவர் யாரையோ குடைந்துகொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தவள் நேராகப் படியேறிப்போய் மாடிக் கதவைத் தட்டினாள். தாழ்ப்பாள் விலகியது. நாத்தனார் சீருடையில், வேலைக்குக் கிளம்பி நின்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

"என்ன அண்ணி, நன்றி சொல்லணுமா?"

"வேணாம்."

"போதிய ஆதாரம் இல்லையாம். வார்டுல என்ன பேசறாங்க தெரியுமா? அண்ணி வந்து காப்பாத்திட்டாங்க, இல்லைன்னா இவ மாட்டியிருப்பான்னு. நான் டாக்டர் கையில ஊசியப் பார்த்தாலே நடுங்கறேன். அந்த டிரைவரோட பொண்டாட்டி என்னைப் பார்த்தா வேற பக்கம் போறாங்க. உங்களால முழுசா ஒரு வார்த்தை சொல்ல முடியல, இல்ல?"

சாட்சி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு வருஷத்தில் அவள் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வந்திருந்தாள்.

"நீ பதிஞ்சே. நான் நம்பறேன்."

நாத்தனார் அவளை மேலும் கீழும் பார்த்தாள். சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது, ஆனால் வரவில்லை.

"ஆதாரம் எங்க அண்ணி?"

கதவைப் பூட்டிவிட்டு, அவளை உரசாமல் ஒதுங்கிப் படியிறங்கிப் போனாள். வாசல் கேட் சாத்தும் சத்தம் கேட்டது. சாட்சி அங்கேயே, பூட்டிய கதவின் முன்னால் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தலைக்கு மேலே தண்ணீர் விழுவது காதில் விழுந்தது. தொட்டி நிறைந்து வழிந்து, பக்கத்து வீட்டுச் சுவரில் இறங்கிக்கொண்டிருந்தது. மோட்டாரை யாரோ போட்டிருக்கிறார்கள்.

யார் என்று அவள் கேட்கவில்லை. கீழே போய் அணைத்தாள்.